மூன்றாம் வெளுப்பு

ராஸ் அல் கைமாவின் ஆகஸ்டுக்கு
இரண்டு கதவுகள்.
ஒன்றைத் திறந்தால் வெயில்,
மற்றதைத் திறந்தால் கடல், ஆவியாக.
ஆய்வகக் கண்ணாடி வெளிப்பக்கம் வேர்க்கிறது.
உள்ளே பதினெட்டு டிகிரியில்
கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு
பேரீச்ச மட்டை வேகவைக்கிறேன்.

சாலை மரங்களைக் கழிக்கும் கம்பெனியின்
டெம்போவில் கொண்டுவந்து போடுகிறார் மொக்லேஸ்.
பொருள் பெற்றேன் என்று படிவம்,
மூன்று பிரதி.
"குப்பைக்குமா கையெழுத்து?"
சிரித்துக்கொண்டே
மூன்றிலும் போடுகிறார்.

அரைத்து, காரத்தில் அவித்து,
வெளுத்து, வெளுத்து, இன்னொரு தரம் வெளுத்து,
குறுகிய துளையில் அழுத்தி அழுத்திப் பிரித்தால்
ஒரு தலைமுடியின் குறுக்கே
எட்டாயிரம் படுக்கலாம், அத்தனை மெல்லிய இழை.
பார்த்தால் வெறும் கஞ்சி.
உலர்த்தினால் தாள்.
பேரீச்சங்கொட்டையைச் சுட்ட கரியை மையாக்கிப் பூசி,
உப்புக்கூழ் தடவி,
இரண்டு தாளை முகத்தோடு முகம் ஒட்டினால்
கொஞ்ச நேரம்
மின்சாரத்தை வாயில் அடக்கி வைத்திருக்கும்.
சுருட்டலாம். மடிக்கலாம்.
வேலை முடிந்தால் மண்ணில் புதைக்கலாம்.

வளைக்கும் எந்திரத்தின் மோட்டார் ஜூனிலேயே எரிந்துபோனது.
பேனாவைச் சுற்றி நானே வளைக்கிறேன்.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டில்
யாரோ கதவைத் தட்ட
எண்ணிக்கை போயிற்று.
மறுபடி ஒன்று.

டாக்டர் ஹைத்தமுக்குப் பளிங்கு வேண்டும்.
தாளுக்கு அடியில் வைத்தால்
பல்கலைக்கழக முத்திரை பளிச்சென்று தெரிய வேண்டும்.
தெரிந்தது.
படம் எடுத்தோம், கேக் வெட்டினோம்.
பிறகு பால்கனிக்குக் கொண்டுபோனேன்.
பதினோரு நிமிடம்.
நமத்த அப்பளம்போல் ஊதி,
கரி ஒரு பக்கம் தாள் ஒரு பக்கம்
பிரிந்து கிடந்தது.

எட்டாயிரத்தில் ஒரு பங்காய்ப் பிளந்தும்
செடி
தண்ணீரை மறக்கவில்லை.
கேட்டால் கொடுக்கும் இடத்தில்
காற்று முழுக்கத் தண்ணீர்.

அந்த வியாழன் வெளுப்புப் புட்டி காலி.
புதியது ஜெபல் அலியில்
ஒரு தாளில் விழவேண்டிய
ஒரு முத்திரைக்காகக் காத்திருந்தது.
இரண்டாம் வெளுப்போடு நிறுத்தினேன்.
சோம்பல் என்றால் சோம்பல்தான்.
குறிப்பேட்டில் அதற்கு
'மாற்றிய நிபந்தனை' என்று பெயர்.

உலர்ந்து வந்தது சுலைமானித் தேநீர் நிறத்தில்.
நிறம் என்ற கட்டத்தில் என்ன எழுத?
என் கல்யாண விளம்பரத்தில்
வீட்டார் யோசித்து யோசித்துப் போட்ட சொல்
நினைவுக்கு வந்தது.
மாநிறம் என்று எழுதினேன்.

லிக்னின்.
மரத்தை நிற்கவைப்பது,
நீரை உள்ளே விடாமல் ஒதுக்குவது.
அழுக்கு என்று பெயரிட்டு
இரண்டு வருடமாக நாங்கள்
சாக்கடையில் ஊற்றியது.

பால்கனியில் பதினோரு நிமிடம்.
நாற்பது.
மதிய ஓய்வு முடிந்து
சாலையில் மஞ்சள் தொப்பிகள் மறுபடி ஏணியேறும்வரை
சிவப்பு விளக்கு எரிந்தது, ஒரு கடுகளவு.
மூட்டை இறக்க வந்த மொக்லேஸ்
கேட்காமலே எடுத்து
மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார்.
மட்டை முள் கீறிய கை,
வெயிலில் இருந்து வந்த உப்பு வேர்வை.
நான் திட்டமிட்ட எந்தச் சோதனையிலும் இல்லாத உப்பு.
இருபத்தாறு நிமிடத்தில் அணைந்தது.
"உடைச்சிட்டேனா?" என்றார்.
"இல்லை. நேரத்தைச் சொல்லுங்கள்."

ஹைத்தமின் பதில் இரவு வந்தது:
அருமை. இதையே வெள்ளையாகச் செய்ய முடியுமா?

வெளுத்ததெல்லாம் பால் என்று
தட்டச்சினேன்.
அவருக்கு விளங்காது. அழித்தேன்.
எண்களை மட்டும் அனுப்பினேன்,
இருபத்தாறையும் சேர்த்து.

திங்கட்கிழமை புட்டி வந்துவிட்டது.
கையெழுத்து, மூன்று பிரதி.
மேல்தட்டில் வைத்தேன், மூடியின் தாள் கிழியாமல்.
கீழே டெம்போ ஹாரன் அடிக்கிறது,
எத்தனை மூட்டை என்று.
ஜன்னலுக்குப் போய்
வேர்த்த கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து
நான்கு விரல் காட்டுகிறேன்.
தெரிந்ததோ என்னவோ,
ஆறு இறக்குகிறார்.